‘மேன் ஆஃப் ஸ்டீல்’ 4கே டிஸ்க்: ஜோனதன் கென்ட் சொன்னது சரிதானா?

2013 ஜூனில் வந்த சூப்பர்மேன் படமான ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் இரண்டு சண்டைகள் ஓயவில்லை. வில்லன் ஜெனரல் ஸாட்டின் கழுத்தைச் சூப்பர்மேனான கிளார்க் முறித்தது ஒன்று. வளர்ப்பு அப்பா ஜோனதன் கென்ட், “உன் சக்தியை ஊருக்குக் காட்டாதே” என்று பிள்ளையைக் கடைசி மூச்சு வரை அடக்கி வைத்தது இன்னொன்று. முதல் சண்டையில் புதிதாகச் சொல்ல யாரிடமும் எதுவும் மிச்சமில்லை. இரண்டாவது அப்படியல்ல. டிஸ்க்கைப் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தியேட்டரில் கண்ணில் படாத பல விஷயங்கள் தட்டுப்படும். 143 நிமிடப் படத்தை மறுபடி உட்கார்ந்து பார்க்க அதுவே போதுமான காரணம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பதின்மூன்று வயதுப் பையனிடம் “ஒளித்து வை” என்று சொன்னதில் தப்பில்லை. ஒளித்து வைத்த காலத்தில் அந்தச் சக்தியைக் கையாள எதையும் பழக்காமல் விட்டதுதான் தப்பு. அதற்கான விலையைப் படத்தின் பிற்பாதியில் ஒரு நகரமே கொடுக்கிறது. அதைவிட வேடிக்கை, ஜோனதனின் கொள்கைக்குச் சாட்சியாகப் படம் முன்வைக்கும் டொர்னேடோ காட்சி அவருக்கே எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

டிஸ்க்கைப் பற்றி முதலில். படத்தின் பெரும்பகுதி 35 மிமீ ஃபிலிமில் எடுக்கப்பட்டது. ஆனால் இறுதிப் பிரதி 2கே அளவில் முடிக்கப்பட்டது. அதைப் பெரிதாக்கித்தான் 2016-இல் 4கே டிஸ்க்காக வெளியிட்டார்கள். ஆகவே ப்ளூ-ரே ஏற்கெனவே கையில் இருந்தால், படத்தின் துல்லியம் பல மடங்கு கூடியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வித்தியாசம் தெரிவது எச்டிஆரில்தான், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் முறையில். கிளார்க்கின் கண்ணிலிருந்து பாயும் வெப்பக் கதிர், எண்ணெய்க் கிணற்று மேடையின் தீ, கான்சாஸ் வயலின் சாய்ந்த வெயில் ஆகிய இடங்களில் அது நன்றாகவே தெரியும். வண்ணத்தை வேண்டுமென்றே வடித்து, கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு எடுத்த படம் இது. ஃபிலிமுக்கே உரிய பொடிப்புள்ளிகளான கிரெயினும் இருக்கிறது. டிவியில் நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணைக்காவிட்டால் முகங்கள் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். ஜோனதனாக வரும் கெவின் காஸ்ட்னர் இந்தப் படத்தில் பாதி நடிப்பைக் கண்ணோரச் சுருக்கங்களிலேயே செய்திருக்கிறார். அது போனால் எல்லாம் போயிற்று.

ஒலி டால்பி அட்மாஸ், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை. இங்கே பலர் ஒரு தப்புச் செய்கிறார்கள். பிளேயரை டிவியில் செருகி, டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வெளியே அனுப்பும் சாதாரண ஏஆர்சி வழியாக சவுண்ட்பாருக்குக் கொண்டுபோகிறார்கள். டிஸ்க்கில் இருக்கும் தரம் குறையாத ட்ரூஎச்டி ஒலியைச் சாதாரண ஏஆர்சியால் சுமக்க முடியாது. சுருக்கப்பட்ட ஒலிதான் வந்து சேரும். டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேயரை நேராக சவுண்ட்பாரிலோ ரிசீவரிலோ செருக வேண்டும்.

கூடுதல் அம்சங்கள் சுமார் ரகம். சூப்பர்மேனின் 75 ஆண்டுகளுக்காகச் செய்த இரண்டு நிமிட அனிமேஷன் அழகு. சண்டைக் காட்சிகள், சூப்பர்மேன் பிறந்த கிரிப்டன் கிரகத்தின் வடிவமைப்பு, நடிகர்கள் பற்றிய குறும்படங்கள் ஒருமுறை பார்க்கலாம். நியூசிலாந்தின் இயற்கை எழிலைக் காட்டும் விளம்பரம் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். சூப்பர்மேனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தேட வேண்டாம், அது அதே நிறுவனத்தின் வேறொரு படத்துக்கான பிரசாரம். இயக்குநர் ஜாக் ஸ்னைடர் காட்சி காட்சியாகப் பேசும் கமென்ட்ரி இல்லாததுதான் பெரிய குறை. ஜோனதன் விஷயத்தில் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஏராளம்.

இனி ஜோனதன். பள்ளிப் பேருந்து டயர் வெடித்துப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. பதின்மூன்று வயதுக் கிளார்க் பேருந்தைப் பின்னாலிருந்து தள்ளிக் கரையேற்றுகிறான். மூழ்கிக்கொண்டிருந்த வகுப்புத் தோழன் பீட் ராஸையும் இழுத்து வருகிறான். பிறகு பீட்டின் அம்மா கென்ட் வீட்டுக்கே வந்து, நடந்தது கடவுள் செயல் என்கிறாள். ஜோனதன் சமாளித்து அனுப்புகிறார். வெளியே லாரியின் பின்புறம் உட்கார்ந்திருக்கும் பையன் கேட்கிறான்: “நான் என்ன செய்திருக்கணும்? அவங்களைச் சாக விட்டிருக்கணுமா?” ஜோனதன் ஒரு கணம் தயங்கி, “ஒருவேளை...” என்கிறார்.

அந்த ஒரு சொல்தான் பலரைக் கொதிக்க வைத்தது. ஆனால் அதை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். அது தீர்ப்பல்ல. பதில் தெரியாத ஒரு விவசாயியின் வாயிலிருந்து நழுவிய சொல். சொன்ன கையோடு அவரே அதில் சங்கடப்படுகிறார். பிறகு பையனைக் கொட்டகைக்குள் அழைத்துப்போய், தரைக்கடியில் மறைத்து வைத்த விண்கலத்தைக் காட்டுகிறார். அதிலிருந்த சாவி போன்ற பொருளை உலோகவியல் தெரிந்தவரிடம் சோதித்ததாகவும், தனிம அட்டவணையில் இல்லாத பொருளால் ஆனது என்று தெரிந்ததாகவும் சொல்கிறார். “நான் உங்க பிள்ளையாவே நடிச்சிட்டு இருக்கக் கூடாதா?” என்று பையன் அழ, “நீ என் பிள்ளைதான்” என்று அணைத்துக்கொள்கிறார். படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுதான். பையனாக நடித்த டிலன் ஸ்ப்ரேபெரிக்கும் அதில் சரிபங்கு உண்டு.

ஜோனதனின் பயத்துக்கு அடிப்படை இருக்கிறதா என்றால், இருக்கிறது. அந்த வயதில் விஷயம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசித்துப் பாருங்கள். வயலில் கிடைத்த குழந்தை, பெற்றவர் யாரென்று காட்ட ஒரு தாள் இல்லை. கொட்டகையில் விண்கலம். அரசாங்கத்தின் கைக்கு முதலில் போவது கலம், அடுத்து பையன். பதின்மூன்று வயதில் அவனுக்குப் பறக்கவும் தெரியாது, யாரை நம்பலாம் என்றும் தெரியாது. இதே படத்தில் வளர்ந்த கிளார்க் தானாகவே சரணடைந்தபோது ராணுவம் என்ன செய்தது? கைவிலங்கு மாட்டிக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தது. பிறகு ஸாட்டிடம் ஒப்படைத்தது. சொந்த ஊரான ஸ்மால்வில்லில் நடந்த சண்டையில் போர் விமானங்கள் எதிரியோடு சேர்த்து அவனையும் சுட்டன. “இவர் நம் எதிரி இல்லை” என்று கர்னல் ஹார்டி சொல்வது அதற்கும் பிறகுதான். முப்பத்து மூன்று வயது ஆளுக்கே இந்தக் கதி என்றால் பள்ளிப் பையனுக்கு?

இந்த அறிவுரை இந்தப் படத்தின் கண்டுபிடிப்பும் அல்ல. 1938-இல் வந்த முதல் கதையில் கென்ட் தம்பதியே கிடையாது. வழிப்போக்கர் ஒருவர் குழந்தையை அநாதை இல்லத்தில் சேர்ப்பதோடு சரி. 1939-இல் ‘சூப்பர்மேன்’ முதல் இதழில்தான் கென்ட்கள் வருகிறார்கள். வந்த பக்கத்திலேயே அப்பா சொல்கிறார்: இந்த பலத்தை மக்களிடம் மறைத்து வை, இல்லாவிட்டால் உன்னைக் கண்டு பயப்படுவார்கள். கூடவே அம்மா சொல்கிறாள்: தக்க நேரம் வரும்போது மனிதகுலத்துக்கு உதவ அதைப் பயன்படுத்து. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. முதலாவதை மட்டும் உருவி எடுத்து ஒரு முழுப் பாத்திரம் செய்தால் என்ன ஆகுமோ, அதுதான் 2013-இன் ஜோனதன். “தக்க நேரம்” என்பது எப்போது, யார் முடிவு செய்வது என்ற பேச்சே கென்ட் வீட்டில் எழுவதில்லை.

ஓரிரவில் இடம் மாறி ஆயர்பாடியில் ஒளிந்து வளர்ந்த பிள்ளையின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, பிள்ளையை மறைத்து வளர்ப்பது புதிதல்ல. ஆனால் அங்கே மறைக்கக் காரணம் இருந்தது. கம்சன் என்று பெயர் சொல்லக்கூடிய எதிரி இருந்தான். அவன் போனதும் ஒளிவும் முடிந்தது. ஜோனதனுக்கு எதிரி யார்? “மக்கள்.” அது முடியக்கூடிய எதிரியா?

அந்த “மக்கள்” பற்றிய கணக்குத்தான் அவர் முதலில் சறுக்கும் இடம். பேருந்துக்குள் ஒரு கூட்டம் பிள்ளைகள். பீட் பார்த்தான். உடன் படிக்கும் லானா பார்த்தாள். பீட்டின் அம்மாவுக்குத் தெரியும். ஆக, அந்தச் சின்ன ஊரில் ரகசியம் பேருந்து கரையேறிய அன்றே உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் அது ஊர் எல்லையைத் தாண்டவில்லை என்றால், அது ஜோனதனின் சாமர்த்தியமா? காப்பாற்றப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். பயந்து ஓடுவார்கள் என்று அவர் சொன்ன அதே மக்கள்தான் அவர் பிள்ளையைக் காத்தார்கள். நிருபர் லோயிஸ் லேன் வருகிறாள். வடக்கில் பனிக்கடியில் கிடந்த பழைய கிரிப்டன் கப்பலில் தொடங்கி, அவன் பொய்ப்பெயர்களில் வேலை பார்த்த இடங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, ஓட்டலில் வேலை பார்க்கும் பீட் ராஸ் வரைக்கும் வந்து, கடைசியில் ஜோனதனின் கல்லறைக்கே வந்து நிற்கிறாள். கதையைக் கேட்டபின் அவளும் எழுதாமல் விடுகிறாள். படத்தில் உண்மையை நேரில் தெரிந்துகொண்ட சாதாரண மனிதர் ஒருவர்கூட அவனைக் காட்டிக்கொடுக்க முன்வரவில்லை. திரைக்கதை எழுதிய டேவிட் கோயர் இதைக் கவனித்தே எழுதினாரா என்று சொல்வதற்கில்லை. ஆனால் படத்தில் இருக்கிறது.

அடுத்தது டொர்னேடோ. இதைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் கார்கள் தேங்கி நிற்கின்றன, சுழற்காற்று நெருங்குகிறது. ஜோனதன் எல்லோரையும் மேம்பாலத்தின் கீழே போகச் சொல்கிறார். ஒரு சிறுமியைக் கிளார்க்கின் கையில் கொடுக்கிறார். நாய் ஹாங்க் வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது தெரிந்ததும், அம்மாவைப் பார்த்துக்கொள் என்று கிளார்க்கை அனுப்பிவிட்டு அவரே திரும்பிப் போகிறார். நாய் தப்புகிறது. அவர் கால் அடிபடுகிறது. நொண்டியபடி வெளியே வந்து, ஓடிவரத் துடிக்கும் பிள்ளையைப் பார்த்துக் கையை உயர்த்தி, வேண்டாம் என்கிறார். காற்று அவரை விழுங்குகிறது.

முதல் பிழை மேம்பாலம். டொர்னேடோவில் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவது பாதுகாப்பு என்ற நம்பிக்கை, 1991-இல் கான்சாஸ் டர்ன்பைக்கில் ஒரு பாலத்தடியில் ஒதுங்கித் தப்பியவர்களின் வீடியோவிலிருந்து பரவியது. அன்று அவர்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று வெவ்வேறு மேம்பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களில் பாலத்துக்கு ஒருவராக மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகு அமெரிக்க தேசிய வானிலைச் சேவை, மேம்பாலத்தடிக்குப் போகவே கூடாது என்று அழுத்திச் சொல்லத் தொடங்கியது. காரணம் எளிது. பாலத்தின் குறுகிய இடைவெளியில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும். சரிவில் ஏறி உத்தரத்துக்கடியில் ஒண்டினால் தரையைவிட உயரத்தில் இருப்பீர்கள், அங்கே காற்று இன்னும் வேகம். மரத்துண்டும் தகரமும் பறந்து வந்து தாக்குவதைத் தடுக்க அங்கே எதுவுமில்லை. பத்திரமான கட்டடம் கிட்டாவிட்டால் சாலையைவிடத் தாழ்வான பள்ளத்தில் தலையை மூடிக் குப்புறப் படுப்பதுதான் கடைசி வழி. கதைக் கணக்குப்படி இது தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆக, ஜோனதன் ஊரோடு ஒத்த நம்பிக்கையில்தான் சொல்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2013-இல் எடுத்தவர்களைச் சொல்லலாம்.

இரண்டாவது பிழைதான் கொள்கையையே கவிழ்க்கிறது. நாயைக் கொண்டுவர யார் போயிருந்தாலும் அதில் ரகசியம் என்ன இருக்கிறது? வண்டி நிற்பது கூப்பிடு தூரத்தில். ஐம்பது மீட்டரைச் சாதாரணப் பையன் எட்டு வினாடியில் ஓடிவிடுவான். கிளார்க் சாதாரண வேகத்திலேயே ஓடி, கதவைத் திறந்து, நாயை விட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் பார்த்தவர்கள் “துணிச்சலான பையன்” என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான். கார் மேலே விழுந்தாலும் அவனுக்குக் கீறல் விழாது, தூசுப் படலத்துக்குள் அது யாருக்கும் தெரியாது. ரகசியத்தை உடைப்பது காப்பாற்றும் செயலல்ல, கண்ணுக்குத் தெரியும் வேகமும் பலமும்தான். இந்த வித்தியாசத்தை ஜோனதன் எந்தக் காட்சியிலும் பிள்ளைக்குச் சொல்லித் தரவில்லை. “காட்டாதே” என்றாரே தவிர, “காட்டாமல் எப்படிச் செய்வது” என்று சொல்லவில்லை. இருப்பதிலேயே ஆபத்தில்லாத ஆளை ஒதுக்கி நிறுத்திவிட்டு, ஆபத்துள்ள ஆள் போனார்.

நடிகர் தேர்வும் காட்சிக்கு உதவவில்லை. பேருந்துக் காட்சிக்குச் சிறுவன் கிடைத்தான். இங்கே பதின்ம வயதின் கடைசியில் இருப்பவனாக ஹென்றி கேவிலே வருகிறார். படம் வெளியானபோது அவருக்கு வயது முப்பது. அந்தத் தோள்களோடு ஒரு ஆண்பிள்ளை அப்பா கையைத் தூக்கினார் என்பதற்காக நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஒரு பதினாறு வயது முகம் அங்கே இருந்திருந்தால் அந்தக் கீழ்ப்படிதல் நம்மை உலுக்கியிருக்கும். கிரேன் வைத்து எழுப்பிய சோகம் போல இருக்கிறது இப்போது.

இதோடு 1978 படத்தை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். க்ளென் ஃபோர்டு நடித்த ஜோனதனும் அடக்கத்தான் சொல்கிறார். நீ இங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது கால்பந்தாட்டத்தில் புள்ளி எடுப்பதற்கல்ல என்கிறார். பிறகு மாரடைப்பில் விழுகிறார். இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று பிள்ளை அழுகிறான். சக்தியால் முடியாத மரணம் அது, ஆகவே அடக்கத்தையும் கற்றுத் தந்தது. 2013-இன் மரணம் சக்தியால் தடுக்கக்கூடியது. அது கற்றுத் தந்தது குற்ற உணர்ச்சியை. அடுத்த பத்துப் பதினைந்து வருடம் அவன் மீன்பிடிப் படகிலும் மதுக்கூடத்திலும் வேலை பார்த்துக்கொண்டு, யாரையாவது காப்பாற்றிய கையோடு ஊரை விட்டு ஓடுவதற்கு வேர் அங்கேதான்.

இதற்கெல்லாம் மேலே, பயிற்சி. இங்கே அம்மாவைக் கவனிக்க வேண்டும். ஒன்பது வயதில் பள்ளியில் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் காதில் விழ, எல்லார் எலும்பும் கண்ணில் தெரிய, கிளார்க் ஓர் அறைக்குள் பூட்டிக்கொள்கிறான். டயேன் லேன் நடித்த மார்த்தா கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உலகத்தைச் சின்னதாக்கிக்கொள், என் குரல் ஒரு தீவு, அதை நோக்கி நீந்தி வா என்கிறாள். செய்முறையோடு வந்த ஒரே பாடம் அதுதான். ஸ்மால்வில்லில் ஸாட்டின் தலைக்கவசம் உடைந்து, பூமியின் சத்தம் மொத்தமும் அவன் தலைக்குள் பாயும்போது, கிளார்க்குக்குக் கைகொடுப்பதும் அந்தப் பாடம்தான். அதற்கு நேர் எதிராகக் கடைசிச் சண்டையில் ஸாட் கேட்கிறான்: நான் பிறந்ததிலிருந்து போருக்குப் பழகியவன், நீ எங்கே பழகினாய், வயலிலா? அது கிண்டல் மட்டுமல்ல, சரியான நோயறிதலும்கூட. தன் பலத்தைச் சண்டையில் கிளார்க் முதன்முதலாகப் பயன்படுத்துவது ஸ்மால்வில்லின் தெருவிலும் மெட்ரோபோலிஸ் நகரின் நடுவிலும், ஆட்கள் இருக்கும் கட்டடங்களுக்கு இடையில். பறப்பதையே, வரம்பைச் சோதித்துக்கொண்டே இரு என்று பெற்ற அப்பா ஜோர்-எல்லின் பிம்பம் சொன்ன பிறகுதான் கற்றுக்கொள்கிறான். கான்சாஸில் இரவு பதினொரு மணிக்கு மேல் கோதுமை வயலில் யார் பார்க்கப் போகிறார்கள்? டிராக்டரைத் தூக்கி, உடையாமல் இறக்கப் பழக்கியிருக்கலாம். எவ்வளவு வேகத்தில் ஓடினால் மனிதக் கண்ணுக்குச் சந்தேகம் வராது என்று அளந்து பார்த்திருக்கலாம். பீட்டையும் லானாவையும் கூட்டாளிகளாக்கியிருக்கலாம். பதினெட்டு முடிந்ததும் முடிவு உன்னுடையது என்று ஒரு தேதி குறித்திருக்கலாம். இவற்றில் எதுவும் ரகசியத்துக்கு விரோதமில்லை.

இன்னொரு முரணும் இருக்கிறது. ஜோனதன் பிள்ளைக்கு இரண்டு வேலைகள் கொடுத்தார். ஒளிந்திரு என்பது ஒன்று. நீ ஏன் அனுப்பப்பட்டாய் என்பதை வாழ்நாள் முழுக்க ஆனாலும் தேடிக் கண்டுபிடி என்பது மற்றது. முதல் வேலையைப் பிள்ளை எத்தனையோ முறை மீறினான், பூமிக்கு ஒரு கேடும் வரவில்லை. இரண்டாவதை ஒழுங்காகச் செய்தான். அப்பா கொடுத்த அந்தச் சாவியைப் பழைய கப்பலில் செருகினான், அதிலிருந்து போன அபாய சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டுதான் ஸாட் வந்து சேர்ந்தான். மனிதர்களைப் பற்றியே கவலைப்பட்ட ஜோனதனுக்கு வானத்திலிருந்து இன்னொரு ஆபத்து வரலாம் என்பது தோன்றவேயில்லை.

2016-இல் வந்த அடுத்த படத்தில் ஸ்னைடர் இதைச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறார். பனிமலையில் கனவுபோல் தோன்றும் ஜோனதன், சின்ன வயதில் தன் பண்ணைக்குள் வெள்ளம் வராமல் தடுத்ததையும், அந்த நீர் திரும்பிப் பக்கத்துப் பண்ணைக் குதிரைகளை மூழ்கடித்ததையும் சொல்கிறார். உதவி செய்தால் எங்கோ ஒரு விலை உண்டு என்ற பயம் எங்கிருந்து வந்தது என்பது அங்கேதான் புரிகிறது. முதல் படத்தில், பேருந்துக் காட்சிக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கதை. மூன்று வருடம் தாமதம்.

யார் வாங்கலாம்? ப்ளூ-ரே இல்லாதவர்கள் தயங்காமல் 4கே வாங்கலாம். 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது, எந்த நாட்டுப் பிரதியும் ஓடும். கூடவே வரும் ப்ளூ-ரேக்குத்தான் அது பொருந்தாது. இந்தியாவும் இலங்கையும் ‘சி’ மண்டலம், அமெரிக்கா ‘ஏ’. கூடுதல் அம்சங்கள் ப்ளூ-ரேயில்தான் இருக்கும் என்பதால் வாங்கும் முன் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளூ-ரே ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், வீட்டில் அட்மாஸ் வசதியும் ஒழுங்கான எச்டிஆர் டிவியும் இருந்தால் மட்டும் மாறலாம். ஜோனதனுக்காக மட்டும் வாங்குவதென்றால், பழைய ப்ளூ-ரேயிலும் காஸ்ட்னர் அதே காஸ்ட்னர்தான். மிச்சமாகும் பணத்தில் 1978 படத்தின் டிஸ்க்கையும் வாங்கி, இரண்டு அப்பாக்களையும் அடுத்தடுத்த இரவுகளில் போட்டுப் பாருங்கள். க்ளென் ஃபோர்டை முதலில்.